மூன்றே முக்கால் மணிக்கு ஓய்வு

ஊசிக்காதில் நூல் மூன்றாவது முறையும் நுழையவில்லை. வாசலில் ஒருவன் பைக்கை அணைக்காமலே நின்றுகொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்கு ஒரு நல்ல சட்டை வேண்டுமாம். பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் அவர்களே உடுத்தி அனுப்பிவிடுவார்களாம். கணவருடையதில் நீலச் சட்டைதான் நல்லது. அதில் நடுப் பொத்தானைக் காணோம்.

"பொத்தான் இல்லேன்னா இப்ப என்ன? மேல துணிதானே போடப் போறாங்க. குடுத்து அனுப்பு," என்றாள் நாத்தனார்.

"இருங்கக்கா. ரெண்டு நிமிஷம்."

பதினெட்டு வருஷமாகத் தையல் கம்பெனியில் பொத்தான் வைக்கிறவள் இவள். நிமிஷத்துக்கு மூன்று வைப்பாள். இன்றைக்கு நூலே கோக்க வரவில்லை. வேறு நூல் எடுக்க வீட்டுத் தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்தாள். நூல்கண்டுக்கு அடியில் இரண்டு புத்தகங்களும் கிடந்தன. ஒன்று கணவருடையது, இன்னொன்று கொழுந்தனுடையது. சட்டென்று மூடினாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. நூல்தான்."

எப்படியோ பொத்தானைத் தைத்து, சட்டையை மடித்து அனுப்பினாள். பைக் சத்தம் தெருமுனையில் தேயும்வரை நின்றாள். பிறகு வீட்டுக்குள் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மகள் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் மெஷின் பக்கம் வரவில்லை.

லாரி கம்பெனி டிரைவர்களுக்குக் கொடுக்கிற புத்தகம் அது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு இருபத்துநாலு கட்டம். கட்டங்களுக்குக் கீழே ஓட்டம், வேலை, ஓய்வு என்று மூன்று வரிசை. எந்த மணியில் என்ன செய்தாரோ அந்த வரிசையில் கோடு போடவேண்டும். ஓய்வு எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. வண்டியிலேயே இருக்கவேண்டிய புத்தகம்தான். ஆனால் வழியில் ஒருத்தரும் கேட்டதில்லை. திங்கட்கிழமை ஆபீசில் கொடுத்தால் போதும். அவர் கோடு போட்டால் பாம்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அதனால் ஸ்கேல் வைத்து இவள் போட ஆரம்பித்தாள். அழகாக இருக்கிறதே என்று கொழுந்தனும் தன்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்தான்.

முதலில் வாரக் கடைசியில் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினாள். "செவ்வாய்க்கிழமை ராத்திரி என்ன பண்ணீங்க?" "ஃபேக்டரி கேட்டுல வரிசையில நின்னேன்." "அதை எந்த வரிசையில போட?" வரிசையில் நிற்பதற்குக் காசு கிடையாது. ஓடுகிற கிலோமீட்டருக்குத்தான் காசு. காசு இல்லாததெல்லாம் ஓய்வு என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அங்கே தூங்கவும் முடியாது. இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் ஒரு வண்டி நீளம் நகரவேண்டும். கண் அசந்தால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான், இல்லாவிட்டால் ஹாரனை அமுக்கியே எழுப்புவான்.

அப்புறம் கேட்பதும் நின்றுபோனது. எல்லா வாரமும் ஒரே மாதிரிதானே என்று ஞாயிற்றுக்கிழமையே ஏழு பக்கத்தையும் போட்டுவிடுவாள். காலை நாலு மணிக்கு ஓட்டம், இரவு எட்டு மணிக்கு ஓய்வு. அவர் கிளம்புவதற்கு முன்னால் ஏழு பக்கத்திலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிரிப்பார். "நீ எழுதற தூக்கத்துல பாதி கெடைச்சாக்கூட நான் குண்டாயிடுவேன்."

காலை ஐந்து மணிக்குப் போன் வந்தது. மூன்றே முக்காலுக்கு லாரி பாலத்துச் சுவரில் மோதியதாம். எதிரே வண்டி எதுவும் இல்லையாம்.

அப்போதிலிருந்து இவளுக்கு அந்தப் பக்கம்தான் கண்ணில் நின்றது. வியாழக்கிழமை. பன்னிரண்டிலிருந்து நாலு வரை ஓய்வு. கோணல் இல்லாத கோடு. கீழே அவர் கையெழுத்து. அது யார் கையிலாவது கிடைத்தால் என்ன ஆகும்? போலீஸ் வருமா? இன்சூரன்ஸ் கிடையாது என்பார்களா? தன்னைப் பிடித்துக்கொண்டு போவார்களா? எரித்துவிடலாமா என்று அடுப்புவரை போய்விட்டுத் திரும்பியிருந்தாள். எரித்தால் அது இன்னும் பெரிய குற்றமோ என்னவோ.

லாரி கம்பெனி சூப்பர்வைசர் ஒரு மணிக்கு வந்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாற்காலிகளை அனுப்பியது அவர்தான், தண்ணீர் கேன் அனுப்பியதும் அவர்தான். வேன் ஏற்பாடும் அவருடையது. ஆஸ்பத்திரியிலிருந்து உடலோடு அந்த வேனிலேயே வந்து இறங்கினார். கூடத்தில் கிடத்தியதும் தலைமாட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீலச் சட்டை கழுத்துவரை பூட்டியிருந்தது. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் பஞ்சு வைத்திருந்தார்கள். மகள் கத்திக்கொண்டு காலைப் பிடித்தாள். இவளுக்கு அழுகை வரவில்லை. சூப்பர்வைசரின் கையிலிருந்த பையையே பார்த்தாள்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, ஒரு நிமிஷம். அந்த லாக் புத்தகம் உன்கிட்டதானே இருக்கு?"

"ஆமாண்ணே."

"நாளைக்கு விசாரிக்க ஆள் வருவாங்க. அதுல இன்னிக்குப் பக்கம்..." குரலைத் தாழ்த்தினார். "எழுதியாச்சா?"

ஆமென்று அவள் தலையை அசைத்தாள்.

"நெனைச்சேன்." பையிலிருந்து புதுப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பாத்திர மேடையில் வைத்தார். "பயப்படாதே. எல்லா வீட்லயும் இப்படித்தான். இதுல இந்த வாரத்தைத் திருப்பி எழுதிடு. புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டியை ஓரம் கட்டினான், ராத்திரி ஒரு மணிவரைக்கும் தூங்கினான், அப்புறம்தான் எடுத்தான். எட்டு மணி நேரம் சரியா வரும். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. பணமும் ரெண்டு மாசத்துல கைக்கு வந்துடும். பொண்ணு படிப்பு இருக்கு பாரு."

"கையெழுத்து?"

"சின்னவன் வந்துட்டிருக்கான்ல? அண்ணன் கையெழுத்து அவனுக்கு அப்படியே வரும்."

அவள் மேடையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எட்டு மணி நேரம் தூங்கினவர் எப்படிண்ணே போய் மோதினாரு? அப்படிக் கேட்டா?"

"கவனக்குறைவுன்னு போட்டுக்குவாங்க. மனுஷன்தானே."

கவனக்குறைவு. கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தரம் எழுந்து பார்க்கிற மனுஷன். மாதச் சம்பளம் இருந்த காலத்தில் மற்ற டிரைவர்கள் அவரை ஆமை என்றுதான் கூப்பிட்டார்கள். ஆமை கிளம்பிடுச்சு, நாளான்னிக்கு வந்துடும் என்று கேலி பேசுவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் கிலோமீட்டர் கணக்கு வந்தது. அப்புறம் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை.

ஆனாலும் அவள் எழுத உட்கார்ந்தாள். ஸ்கேலை எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவைச் சாத்தினாள். இவ்வளவு நாள் எழுதியது பொய்தானே, இன்னும் ஒரு பக்கத்தில் என்ன கெட்டுவிடும்? ஞாயிறு போட்டாள். திங்கள், செவ்வாய் போட்டாள். கோடு கொஞ்சமும் ஆடவில்லை. அதைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது. புதன்கிழமைப் பக்கத்தில் ஐந்து மணிக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது.

நேற்றுச் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் கம்பெனியில் இருந்தவளுக்குப் போன் பண்ணியிருந்தார். சுற்றிலும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாள். செவ்வாய் இரவு பத்து மணியிலிருந்து வரிசையில் நின்று, புதன் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் லோடு ஏறியதாம். காலை ஆறுக்குள் இறக்குமிடத்துக் கேட்டில் இருந்தால் அன்றைக்கே இறக்கிவிடலாம். ஆறு தாண்டினால் அங்கேயும் ஒரு நாள் வரிசை, அதுவும் சும்மா.

"தூங்கினீங்களா?" என்று கேட்டாள்.

"நீதான் எழுதி வச்சிருக்கியே," என்று சிரித்தார் அவர்.

இவளும் சிரித்தாளா? மெஷின் சத்தத்தில் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள் என்பதுதான் நினைவில் இருந்தது. சிரித்திருப்பாள். எப்போதும் சிரிப்பாள்.

கொழுந்தன் இரண்டு மணிக்கு வந்தான். செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடி, அண்ணன் நெஞ்சில் தலையை வைத்து, "எழுந்திருண்ணே" என்று ஒரேயடியாகக் கத்தினான். நாத்தனார் தம்பியைக் கட்டிக்கொண்டாள். எதிர்த் திசையில் லோடோடு போய்க்கொண்டிருந்தவன், காலையில் சேதி கேட்டதும் வழியிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தான். லாரி தெருக்கோடியில் பெட்ரோல் பங்க் ஓரம் லோடோடு நின்றது. சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் அதை எடுத்தாகவேண்டும்.

சூப்பர்வைசர் அவனைத் தோளோடு அணைத்துச் சமையலறைக்குக் கூட்டிவந்தார். விஷயத்தைச் சொன்னார்.

"எழுதிக் குடுத்துடுங்கண்ணி," என்றான் அவன். கண் இரண்டும் மிளகாய் விழுந்த மாதிரி சிவந்திருந்தது. "அண்ணன் போயாச்சு. நாம என்ன எழுதினாலும் வரப் போறதில்ல. பாப்பா படிக்கணும். எனக்கும் வேலை வேணும்."

"தம்பி, நீ எப்ப தூங்கின?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எங்க போடணும், காட்டுங்க."

"எப்பன்னு கேட்டேன்."

"முந்தா நாள்... இல்ல, அன்னிக்கும் வரிசை." யோசித்தான். "எந்தக் கிழமைண்ணி இன்னிக்கு?"

"அட, துக்க வீட்ல இதெல்லாம் ஒரு பேச்சா?" என்றார் சூப்பர்வைசர். "போடு தம்பி. வேன்காரன் மூணு மணிக்கு எடுக்கணும்னு நிக்கறான்." சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

கொழுந்தன் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே ஒரு கையெழுத்து. அவருடையதேதான், அந்த முதல் எழுத்தின் சுழிகூடத் தப்பவில்லை. திங்கள் போட்டான். புதன்கிழமை இன்னும் முடியவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். செவ்வாய்க்கிழமையில் பேனா பாதி எழுத்தோடு நின்றது. பிறகு மெல்ல நகர்ந்தது. கையெழுத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, கட்டங்களைத் தாண்டி, பக்கத்தின் ஓரம்வரை போய், அவன் பேன்டில் இறங்கியது.

"தம்பி?"

தலை மார்பில் கவிழ்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எவ்வளவு நேரான கோடு அது. எங்கேயும் திரும்பாமல், எங்கேயும் நிற்காமல்.

நாத்தனார் உள்ளே வந்தாள். "வேன் ஸ்டார்ட் பண்ணியாச்சு, இவன் எங்க... அடப்பாவி! அண்ணன் அங்க கெடக்கான், இவனுக்கு இங்க தூக்கம் கேக்குதா? டேய்!"

"எழுப்பாதீங்கக்கா."

"என்னடி பேசற? தூக்க வேண்டாமா? கூடப் பொறந்தவன்டி. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். தூங்கட்டும்."

அவள் குனிந்து அவன் விரல்களிலிருந்து பேனாவை எடுத்தாள். மடியிலிருந்து புதுப் புத்தகத்தை எடுத்தாள். சட்டைப் பையில் முட்டிக்கொண்டிருந்த லாரிச் சாவியையும் எடுத்தாள். அவன் அசையவே இல்லை. நாத்தனார் வாயைத் திறந்தவள் அவன் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, மடித்த போர்வை ஒன்றைக் கொண்டுவந்து அவன் தலைக்கும் சுவருக்கும் நடுவே செருகினாள்.

வாசலில் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவள் புதுப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"முடிஞ்சுதா தங்கச்சி?"

"இல்லண்ணே. பழசையே குடுத்துடறேன், வர்றவங்க கையில. ஞாயித்துக்கிழமையே நான் உக்காந்து எழுதினதுன்னு சொல்லிடறேன். வரிசையில நின்னதையும் சொல்லிடறேன்."

அவர் முகம் மாறியது. "புரியாம பேசற. உன் பேர்ல வரும். பணம் இழுத்தடிக்கும், ஒண்ணுமே வராமகூடப் போகலாம். சின்னவனையும் யோசிச்சுப் பாரு. அவன் லோடு ராத்திரிக்குள்ள கெளம்பணும்."

"அவன் தூங்கறான்."

"எழுப்பு."

"எனக்குப் பயமாத்தான் இருக்குண்ணே," என்றாள் அவள். சாவியை வைத்திருந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "எழுப்ப மாட்டேன்."

அவர் சாவியைக் கேட்க வாயெடுத்து, சுற்றியிருந்த முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு தெருப் பக்கம் நடந்தார்.

அவள் மெஷினிடம் போய் இழுப்பறையைத் திறந்தாள். கொழுந்தனின் புத்தகத்தை எடுத்து இன்றைய பக்கத்தைப் புரட்டினாள். மத்தியானம் ஒன்றிலிருந்து ஏழுவரை ஓட்டம் என்று நீளமாக ஒரு கோடு, போன ஞாயிற்றுக்கிழமை போட்டது. அதை அடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பத்து. ஓய்வு வரிசையில் பேனாவை வைத்தாள். எங்கே முடிப்பது என்று தெரியாததால் புள்ளியோடு நிறுத்தினாள்.

வேன் டிரைவர் வாசலில் எட்டிப் பார்த்தார். "எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"தெரியலங்க. உள்ள ஒருத்தர் தூங்கறாரு."

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். பிறகு போய் இன்ஜினை அணைத்தார். சத்தம் நின்றதும் வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். மகள் அப்பாவின் காலடியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். சமையலறையிலிருந்து குறட்டை, முதலில் விட்டுவிட்டு, பிறகு சீராகக் கேட்டது. வேன் டிரைவர் முன்சீட்டைப் பின்னுக்குச் சாய்த்து, செருப்பைக் கீழே விட்டு, இரண்டு கால்களையும் ஜன்னல் மேல் நீட்டிக்கொண்டார்.