காவடித் தோளுக்கு ஒரு தோட்டா

கோலாலம்பூர் துப்பாக்கிக் கடையில் கடைக்காரர் மீராசா இரண்டு தோட்டாக்களை மேசைமேல் நிறுத்தினார். ஒன்று கட்டைவிரல் பருமன், மற்றது ஒல்லி. எது வேண்டுமென்று சொன்னால் அதற்கேற்ற துப்பாக்கியை எடுத்துத் தருவார்.

"பெரிசையே கொடுங்க," என்றார் பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைக்காரர் வைத்திலிங்கம். பூச்சோங்கில் அவருக்கு மண் வெட்டும் ஆளைக் காட்டெருமை ஒன்று முட்டித் தூக்கியிருந்தது. "பட்டதும் பொத்துனு விழணும்."

பக்கத்தில் நின்ற மனைவி தையல்நாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம்தான் மனுஷன் இரவல் துப்பாக்கியில் அந்தப் பெரிய தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பழகினார். துப்பாக்கி பின்னுக்கு உதைத்ததில் தோள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போனது. எண்ணெய் தேய்த்துவிட்டவள் இவள்தான். உதைக்குப் பயந்து, சுடுமுன்பே அவர் கண்ணை இறுக்கி மூடியதைப் பார்த்தவளும் இவள்தான். கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் எவ்வளவு பெரிய தோட்டாவும் எருமையைத் தேடிக்கொண்டா போகும்? அதைக் கடையில் வைத்துச் சொல்லவா முடியும்?

"தைப்பூசத்துக்குப் பத்துமலையில அந்தத் தோள்லதான் காவடி ஏறணும்," என்றாள். "சின்னது போதாதா அண்ணே?"

"படற இடத்துல பட்டா தாராளமாப் போதும்," என்றார் மீராசா.

வைத்திலிங்கம் ஒல்லித் தோட்டாவை எடுத்துக்கொண்டார்.

ரிக்‌ஷாவில் திரும்பும்போது மெல்லக் கேட்டார்: "அன்னைக்கு நான் கண்ண மூடினத நீ பாத்துட்டல்ல?"

"நான் எங்க பாத்தேன்?" என்றாள், அவர் பக்கம் திரும்பாமலே. "சத்தத்துக்குப் பயந்து நானும்தான் மூடிக்கிட்டேனே."