டாக்டர் தொடாத வயிறு

1954-ல் ஓசூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் கம்பவுண்டர். எங்கள் டாக்டர் நோயாளியைத் தொடமாட்டார். அவர் உள்ளே, வரிசை ஜன்னலுக்கு வெளியே. நோயைக் கத்திச் சொல்ல வேண்டும். "இடது பக்கம் கட்டி" என்றால் மலேரியா மண்ணீரல் என்று சீட்டு வரும்; நான் குவினைன் ஊற்றுவேன்.

கெலவரப்பள்ளி சம்பங்கி இரண்டு வருஷம் அந்தக் குவினைனைக் குடித்தாள். அவளைக் கடித்த கொசு மூன்றடி பறப்பதற்குள் செத்து விழுந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். கட்டியோ பூசணிக்காயாக வளர்ந்தது. இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை.

டாக்டர் லீவில் போன நான்கு நாளுக்கு மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் ஜெபசீலி வந்தார். சம்பங்கியைப் பெஞ்சில் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"காய்ச்சல் எப்பம்மா வந்துச்சு?"

"ஒரு நாளும் வந்ததில்லீங்கம்மா."

அந்தம்மா என்னைப் பார்த்த பார்வையில் என் மீசை பொசுங்கியது.

"காய்ச்சலே வராதவளுக்கு எதுக்குய்யா குவினைன்?"

"சீட்டுல இருந்துதுங்க."

"மலேரியான்னா கல்லாட்டம் இருக்கும். இது தண்ணி ரொப்புன தோல்பை. மண்ணீரல்ல நீர்க்கட்டி, அபூர்வம். வெடிச்சா உயிர் போயிடும். உடனே அறுக்கணும்."

பெங்களூர் சர்ஜனுக்குக் கடிதம் எழுதினார். ஆஸ்பத்திரி முத்திரை இல்லாமல் அது செல்லாது; முத்திரையோ எங்கள் டாக்டரின் பூட்டிய டிராயரில். திங்கட்கிழமை திரும்பியவர் கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

"என் சீட்டைப் பொய்யாக்க அவ யாரு?"

ஜன்னலில் நின்ற சம்பங்கி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் மேசைமேலேயே படுத்துவிட்டாள். மைக்கூடு உருண்டது.

"கைய வையி சாமி. தொட்டுட்டு மலேரியான்னு சொல்லு, போயிடறேன்."

"கம்பவுண்டர்! இழுத்து வெளிய போடுய்யா!"

நான் நகரவில்லை. "வெடிச்சா யாருங்க பதில் சொல்றது?"

வரிசையிலிருந்து ஆட்டுக்காரச் சென்றாயன் கத்தினார்: "வயிறுதானே டாக்டரே, பாம்புப் புத்தா? வைங்க கைய!"

இரண்டு விரல் வைத்தார். பிறகு முழுக்கையையும் வைத்தார். முகம் வெளுத்தது. தானே பெங்களூருக்குக் கடிதம் எழுதி முத்திரை குத்தினார்.

பெங்களூரில் இடது விலாவுக்குக் கீழே கிழித்து, கட்டியோடு மண்ணீரலையே எடுத்தார்கள். உள்ளே இரண்டு படி தண்ணீர். நான் கதையாகச் சொன்னால் ஆறு படி.

இரண்டு மாதம் கழித்துச் சம்பங்கி நடந்தே வந்தாள். டாக்டருக்குச் சர்ஜன் எழுதிய பதில் கடிதம் ஆஸ்பத்திரிச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. படிக்கச் சொன்னாள், படித்தேன்: "தாங்கள் கண்டறிந்த அபூர்வக் கட்டி..."

"தாங்கள்னா யாரு?"

"நம்ம டாக்டருதான்."

"அடத் தூ! மேசையில ஏறிப் படுத்தவ நானு. கண்டுபிடிச்சது அந்தம்மா. பேரு இந்தாளுக்கா?" சட்டத்தைக் கழற்றி இடுக்கிக்கொண்டாள். "அந்தம்மா பேர எழுதிக் குடுக்கட்டும், திருப்பித் தரேன்."

டாக்டர் ஜன்னலில் நின்று கத்தினார். வரிசையில் ஒருவரும் அவளை மறிக்கவில்லை, விலகி வழிவிட்டார்கள்.