எந்த வண்டியிலும் பொருந்தும் இருக்கை

யாஸ்னாவின் பிரசவத்துக்கு மருத்துவர் குறித்துக்கொடுத்த தேதி ஆகஸ்ட் இருபத்திமூன்று. அன்றைக்கு அவள் கணவன் வால்தோ மேலே இருப்பான். சிலி நாட்டின் அந்தோஃபகாஸ்தாவில் சுரங்கத்துக்காரர் வீடுகளில் மேலே என்றால் மலையிலுள்ள செம்புச் சுரங்கம். கீழே என்றால் வீடு. ஏழு நாள் மேலே, ஏழு நாள் கீழே. கல்யாணம், சாவு, பல்வலி எதுவானாலும் அந்த முறைக்குள்தான் வந்தாக வேண்டும். நினைத்தவுடன் இறங்கிவிடவும் முடியாது. மாற்று ஆள் ஏறி வந்து வேலையைக் கையேற்ற பிறகுதான் இறங்கலாம். அதற்கு ஒரு நாள் ஆகும். குழந்தை அதுவரை காத்திருக்குமா?

அதனால் கூட வேலை செய்யும் ஓஸ்மானுடன் வாரத்தை மாற்றிக்கொள்ள வால்தோ மனுக் கொடுத்திருந்தான். மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். யாஸ்னாவின் அம்மாவும் அக்காவும் தெற்கே சிலோயே தீவில் இருந்தார்கள். பேருந்தில் இரண்டு நாள். இந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது வால்தோ, அதுவும் பாதி மாதம். இரண்டு வாரமாக அவள் கண் விழித்ததும் நினைப்பது அந்தக் கையெழுத்தைத்தான்.

சனிக்கிழமை இருவரும் குழந்தைச் சாமான் கடைக்குப் போனார்கள். வால்தோ சுரங்க லாரிகளைப் பழுதுபார்ப்பவன். ஒரு சக்கரமே அவனைவிட உயரமான லாரிகள். தள்ளுவண்டியைக் கண்டதும் கவிழ்த்துப்போட்டு அச்சைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

"யோவ், அது குழந்தை வண்டிய்யா. எண்ணெய் மாத்திடாத," என்றாள் யாஸ்னா.

கடைக்கார மிர்தா சிரித்தாள். "விடு மகளே. சுரங்கத்து ஆம்பளைங்க எல்லாருமே இப்படித்தான். போன வாரம் ஒருத்தர் பால் புட்டிக்குக் காத்தழுத்தம் கேட்டாரு."

பெரிய சக்கரம் வைத்த கனமான வண்டி ஒன்று யாஸ்னாவுக்குப் பிடித்திருந்தது. மேட்டுத் தெருவில் அது குலுங்காமல் போகும். வால்தோ அதை மடித்து அவள் கையில் கொடுத்தான். "தூக்கு. ஒத்தைக் கையில."

"எதுக்கு? நீதான் தூக்கப்போற."

"சும்மா தூக்கிப் பாரேன்."

வீடு நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. அவளால் அதை இடுப்பளவுக்குக்கூடத் தூக்க முடியவில்லை. மிர்தா இன்னொன்று கொண்டுவந்தாள். கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்தி ஒரு திருகு திருகினால் தானே மடிந்து நின்றது, எடையும் பாதி. வால்தோ அவளை நாலு தடவை மடிக்க வைத்துவிட்டு, "இதுதான்," என்றான். அவள் ஒப்புக்கொண்டாள்.

அடுத்தது, காரில் குழந்தையை உட்காரவைக்கும் இருக்கை. மிர்தா காட்டிய முதல் வகைக்கு அடித்தட்டு தனியாக இருந்தது. காரின் பின்சீட்டில் முதுகும் அமரும் பகுதியும் சேரும் இடுக்குக்குள் இரண்டு இரும்பு வளையங்கள் இருக்கும். அடித்தட்டின் இரண்டு கைகளும் அவற்றைக் கவ்வும். 'டக்' என்று சத்தம் வந்து பச்சை நிறம் தெரிந்தால் வேலை முடிந்தது. தப்பாகப் பொருத்துவதே கஷ்டம். அவர்கள் காரில் அந்த வளையங்கள் உண்டு.

"இதையே எடுத்துக்கலாம்," என்றாள் யாஸ்னா.

"வேணாம். பெல்ட்டால கட்டுறத எடுப்போம்."

மிர்தாவே ஆச்சரியப்பட்டாள். "இது சுலபமாச்சே தம்பி. பெல்ட் வகையில பத்துப் பேர்ல அஞ்சு பேரு தப்பாத்தான் கட்டுறாங்க."

"கத்துக்கிட்டா தப்பு வராது," என்றவன் யாஸ்னா பக்கம் திரும்பினான். அவன் கண்களில் அந்தப் பழைய ஆர்வம் வந்துவிட்டது. லாரியின் பிரேக்கைப் பற்றிப் பேசும்போது வருமே, அது. "பச்சைக் குழந்தைக்கு உடம்புல கால்வாசி தலைதான். கழுத்துல பலமே கிடையாது. முன்னாடி பாத்து உக்காந்திருக்கும்போது வண்டி மோதுச்சுன்னா, உடம்பைப் பட்டை பிடிச்சுக்கும், தலை மட்டும் பாயும். பின்னாடி பாத்து வெச்சா முதுகு, கழுத்து, தலை எல்லாத்தையும் இருக்கையோட இந்த ஓடு ஒண்ணாத் தாங்கிக்கும். சாய்வும் முக்கியம். நிமிந்திருந்தா தலை நெஞ்சுல தொங்கி மூச்சை அடைச்சுடும்."

கடையில் பழக்கிக் காட்டுவதற்கென்று போட்டிருந்த பழைய கார் சீட்டில் அவன் செய்து காட்டினான். மடியில் போகும் பெல்ட்டை இரண்டு பக்கக் கொக்கிகளுக்கும் அடியில் விட வேண்டும். தோளில் போகும் பெல்ட்டை ஓட்டின் முதுகைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். பிறகு ஒரு கையால் இருக்கையை அழுத்திக்கொண்டு மறு கையால் தொய்வை இழுக்க வேண்டும். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து உலுக்கினால் இரண்டு விரல்கடைக்கு மேல் அசையக் கூடாது.

அவன் சொல்வதை யாஸ்னாவுக்கு எப்போதும் கேட்கப் பிடிக்கும். ஆனால் இன்று அவன் மூன்று தடவை அவிழ்த்துக் காட்டினான். அவள் கையைப் பிடித்துப் பிடித்துச் செய்ய வைத்தான்.

"நம்ம கார்லதான் வளையம் இருக்கே. எதுக்கு இவ்வளவும்?"

"எல்லாக் கார்லயும் இருக்காதில்ல. பெல்ட் இல்லாத வண்டி கிடையாது. இதுன்னா எந்த வண்டியிலயும் கட்டலாம்."

"எந்த வண்டியில?"

அவன் கொக்கியைத் துடைத்தான்.

அறுவைச் சிகிச்சை ஆகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்படியானால் அவளால் சில வாரம் கார் ஓட்ட முடியாது. வால்தோவும் மேலே இருந்தால் அவர்கள் கார் வீட்டு வாசலில்தான் நிற்கும். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவரப் போவது வேறு யாருடைய வண்டியோதான். அப்போது பெல்ட்டைக் கட்டப் போவது யார் என்பதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கையெழுத்துப் போடல," என்றாள்.

"இல்ல."

"எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழம. ஆள் குறைவாம். ஓஸ்மான் கெஞ்சிப் பாத்தான், நானும் பாத்தேன். சேதி வந்ததும் இறங்கிடுவேன் யாஸ்னா. என்ன, ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு..."

"மூணு நாளா என்கூட ஒரே மேசையில டீ குடிச்சே."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

மிர்தா வேலையிருப்பதுபோல் உள்ளே போனாள். யாஸ்னா அழவில்லை. அந்தக் காலி ஓட்டுக்குள் கையை விட்டு, தலை வரும் இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "இதையே வாங்கு," என்றாள்.

வாங்கி வெளியே வந்ததும் அவள் தங்கள் காரை நோக்கிப் போகவில்லை. முனையில் ஷேர் டாக்சிகள் வரிசையில் நின்றன. இருக்கையைத் தூக்கிக்கொண்டு முதல் டாக்சிக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"அண்ணே, உங்க பின்சீட்டுல இதைக் கட்டிப் பாக்கணும். அஞ்சே நிமிஷம்."

நரைத்த மீசைக்காரர் எட்டிப் பார்த்தார். "குழந்தை எங்கம்மா?"

"இன்னும் வரல."

"அப்ப அவசரமில்ல. கட்டு."

பழைய வண்டி; சீட்டு நடுவில் குழிந்திருந்தது. வயிறு இடிக்க, ஒரு முழங்காலைக் கதவோரம் ஊன்றினாள். மடிப் பெல்ட் கொக்கிகளுக்குள் போனது. தோள் பெல்ட் முறுக்கிக்கொண்டது. எடுத்து நீவி மறுபடி சுற்றினாள். வால்தோ தள்ளுவண்டியுடன் நடைபாதையில் நின்றான். "அந்தத் தொய்வை மட்டும் கொஞ்சம்..." என்று ஓரடி முன்னால் வந்தான்.

"அங்கேயே நில்லு," என்றாள் அவள், திரும்பாமல். "நீ இங்க இல்ல."

அவன் நின்றான்.

அவள் அழுத்தி இழுத்தாள். பிடித்து உலுக்கினாள். ஓட்டுநரும் பின்னால் கையை நீட்டி உலுக்கிப் பார்த்தார். "என் வண்டியே ஆடுது. இது ஆடல."

யாஸ்னா மூச்சு வாங்கச் சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தாள்.

"உங்க பேரும் நம்பரும் சொல்லுங்க அண்ணே. ஆகஸ்ட் இருபத்திமூணுக்கு அப்புறம் ஒருநாள் கூப்பிடுவேன்."