"முடிந்தது" பக்கத்து மஞ்சள் சீட்டு

ஒரே மாதத்தில் கம்பெனி தலைகீழாக மாறியது. கோப்புகள் போயின, சுவர் வந்தது. செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது என்று சுவரில் மூன்று கட்டம். வேலைக்கொரு மஞ்சள் சீட்டு. இரண்டே வாரத்தில் அது சுவரைக் கடந்தாக வேண்டும். இந்தப் புது முறையைச் சொல்லிக்கொடுக்க வந்தவருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் சீட்டு சார். சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கிற மனிதர்.

சூப்பர்வைசரின் குழுவில் ஒரு சீட்டு மட்டும் ஆறு வாரமாக அடம்பிடித்தது. தகடு வெட்டும் பிரஸ் இயந்திரத்தின் பாதுகாப்புக் கதவைச் சரிசெய்யும் வேலை. கை உள்ளே இருந்தால் இயந்திரம் நிற்க வேண்டும். சில நேரம் நிற்கவில்லை. அதனால் கதவு சரியாகும்வரை இயந்திரத்துக்குச் சிவப்புப் பூட்டு. முன்பு அந்தப் பூட்டைத் திறக்க மூன்று கையெழுத்து வேண்டும். இப்போது சுவரில் சீட்டு "முடிந்தது" என்று சொன்னால் போதும்.

வெள்ளிக்கிழமை மேலிடத்து ஆட்கள் சுவரைப் பார்க்க வந்தார்கள்.

"அந்த ஒண்ணு மட்டும் கண்ணை உறுத்துதே," என்றார் சீட்டு சார்.

சூப்பர்வைசர் அதைப் பிய்த்து "முடிந்தது" பக்கம் ஒட்டினான். அவர்கள் போனதும் திரும்ப மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தான். கைதட்டல் வாங்கிய மிதப்பில் மறந்தே போனான், பாவி.

திங்கட்கிழமை அந்தச் சீட்டை நம்பிப் பூட்டைத் திறந்து வேலைக்கு உட்கார்ந்தவன் அவனுடைய தங்கை புருஷன். பத்து மணிக்கு அலறல் கேட்டது. சூப்பர்வைசர் ஓடிப்போனபோது மாப்பிள்ளையின் வலது கை மணிக்கட்டோடு நசுங்கித் தகட்டில் ஒட்டியிருந்தது. இரத்தம் சட்டையெல்லாம் பீய்ச்சியடித்தது.

ஆஸ்பத்திரியில் தங்கை கேட்டாள்: "யாருண்ணே சீட்டை மாத்தினது?"

"தெரியலம்மா," என்றான். மூன்று வாரம் அந்தப் பொய்யோடு சோறு இறங்கவில்லை.

பிறகு சுவருக்கு முன்னால் கூட்டம். "யாரையும் குறை சொல்ல வேணாம். எது நல்லா நடந்துச்சு, எதை மாத்தணும், அதை மட்டும் பேசுவோம்," என்றார் சீட்டு சார்.

கட்டுப்போட்ட மொட்டைக் கையோடு மாப்பிள்ளை உள்ளே வந்தான்.

"சீட்டை நகத்தினது யாரு?"

"தம்பி, அது மொத்தக் குழுவோட..." என்று இழுத்தார் சீட்டு சார்.

"நான்தான் மாப்ள," என்றான் சூப்பர்வைசர்.

இடது கை முஷ்டி வாயில் இறங்கியது. உதடு கிழிந்தது, பல் ஒன்று தெறித்தது. அடுத்த குத்தில் சுவரோடு மோதினான். சீட்டுகள் இரத்தத்தோடு உதிர்ந்தன. மற்றவர்கள் மாப்பிள்ளையைப் பிடிக்கப் பாய்ந்தார்கள்.

"விடுங்க அவனை!" என்று கத்தினான் சூப்பர்வைசர்.

பழகாத கை. அடுத்தடுத்த அடிகள் குறி தப்பித் தோளிலும் சுவரிலும் விழுந்தன. மாப்பிள்ளை அழுதுகொண்டே ஓங்கினான். சூப்பர்வைசர் முகத்தை நகர்த்தி அந்தக் கைக்கு நேரே வைத்தான்.