வாத்து அச்சு

அந்த வீட்டில் ஆளுக்கொரு அச்சு. பிஸ்கட் சுட்டால் தம்பிக்குக் கப்பல், அவன் அக்கா பெரியவளுக்கு மரம். சின்ன வயதில் தம்பி போட்ட சட்டம் அது, இன்றுவரை யாரும் மீறியதில்லை. கல்யாணமாகி வந்த அவன் மனைவிகூட வெகுநாள் உடைந்த துண்டுகளைத்தான் தின்றாள். பிறகு பெரியவளே கடைக்குப் போய் ஒரு மீன் அச்சு வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தாள். அச்சு கிடைத்துவிட்டால் வீட்டில் இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது தம்பி மனைவி மாசமாக இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பெரியவள் வெண்ணெயையும் சர்க்கரையையும் போட்டு அடிக்க ஆரம்பித்தாள். ஆரஞ்சுத் தோல் துருவும்போது மட்டும் ஒருவரையும் கிட்டே விடமாட்டாள். மேல்தோலோடு நிறுத்த வேண்டும். உள்ளே இருக்கும் வெள்ளை கொஞ்சம் சேர்ந்தாலும் மொத்த மாவும் கசந்து தொலையும். பிசைந்ததை ஃப்ரிட்ஜில் இறுகவிட்டு, தேய்த்து, கப்பலும் மரமும் மீனுமாக வெட்டினாள். அப்புறம், யாருக்கும் சொல்லாமல் வாங்கி ஒளித்துவைத்திருந்த குட்டி வாத்து அச்சை எடுத்தாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு. படிப்பை விட்டு, அட்டைப்பெட்டி கம்பெனியில் கை தேயப் பெட்டி மடித்து, கல்யாணம் காட்சி எதையும் பார்க்காமல் வளர்த்த தம்பியின் பிள்ளை. அத்தை என்று அது கூப்பிடப்போவதை நினைத்தாலே அவளுக்கு வாயெல்லாம் பல்.

தட்டில் வாத்தைப் பார்த்ததும் தம்பி மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தவிச்சுட்டு இருந்தோம்க்கா. நீயே புரிஞ்சுக்கிட்ட."

"எதை?"

"ரூம் விஷயம்தான். பாப்பாவுக்கு உன் ரூம்தான் சரியா வரும். அக்கா ஒண்ணும் நினைக்காதுன்னு நான் இவகிட்ட சொல்லிட்டே இருந்தேன். உன் கம்பெனி பக்கத்துலயே ஒரு ரூம் பார்த்திருக்கேன், நல்ல வெளிச்சம். சாவிகூட வாங்கியாச்சு."

"ஞாயித்துக்கிழமையானா இங்க வந்துடணும் அண்ணி," என்றாள் அவன் மனைவி, வாய் நிறைய மீனோடு. "இந்த பிஸ்கட் வேற யாருக்கு வரும்?"

பெரியவள் தட்டிலிருந்த வாத்தைப் பார்த்தாள். ஆசை ஆசையாக வெட்டிய ஒரே ஒரு வாத்தால், தன்னை வெளியே அனுப்பத் தானே சம்மதம் சொன்னதாகிவிட்டதே. எனக்கு இஷ்டமில்லை, இது என் வீடும்தான் என்று சொல்ல இதை விட்டால் வேறு நேரமில்லை. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அதில் சங்கடமும் இல்லை, வெட்கமும் இல்லை. தலைச்சுமையை இறக்கி வைத்தவனின் நிம்மதிதான் இருந்தது. அவள் போவது அவனுக்கு வலிக்கவில்லை. இனி எதைச் சொல்லி என்ன?

"என் கட்டில் ரூம் கதவுல நுழையாது," என்றாள். "கழட்டித்தான் எடுக்கணும்."

"தெரியும்க்கா," என்றான் தம்பி. "ஸ்பேனர் வாங்கி வச்சுட்டேன்."