மூன்று மணிக்கு வரும் வீடு

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. துணி உலர்த்தும் மெஷின் முன்னால் நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்ததற்குக் கூலியாகக் கிடைத்தது. அரிசோனாவின் மேற்கு ஓரத்தில், ஒரே ஒரு சிக்னல் உள்ள எங்கள் ஊரில், காசு போட்டால் துவைத்துக் கொடுக்கும் கடை ஒன்று உண்டு. குளிர்காலம் வந்துவிட்டால் உள்ளூர்க்காரனுக்கு அங்கே இடம் கிடைக்காது. வடக்கே பனி கொட்ட ஆரம்பித்ததும், ஓய்வு பெற்றவர்கள் தங்கள் ஆர்.வி.யை, அதாவது கட்டிலும் அடுப்பும் கக்கூஸும் வைத்த பஸ் அளவு வண்டியை, ஓட்டிக்கொண்டு எங்கள் பாலைவனத்துக்கு இறங்கிவிடுவார்கள். அவர்களில் ஒருத்தி வெர்னா ஸ்டென்பெர்க். நார்த் டகோட்டாக்காரி.

"ஏம்பா, இந்த மெஷின்கள்ல எது காயவைக்கும், எது சும்மா சுத்தும்?" என்று கேட்டாள். மூன்றாவதைக் காட்டினேன். நன்றிக்கடனாகத் தன் கதையைச் சொன்னாள்.

(அறுபத்தெட்டு வயதுப் பெண்மணியை 'அவள்' என்று எழுதலாமா என்று எனக்கும் உறுத்தியது. நேரில் 'மேடம்' என்றுதான் ஆரம்பித்தேன். "மேடம்னு வாத்தியாரம்மாவைக் கூப்பிடு. நான் ஸ்கூல் பஸ் ஓட்டினவ" என்றாள். ஆகவே, அவள்.)

2

முதல் வரி எழுதிப் பார்த்தேன்.

பாலைவனத்தின் பேரமைதியில் ஒரு முதிய தம்பதி —

வேண்டாம். பக்கத்து வண்டியில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்த இடத்தில் ஏது பேரமைதி.

ஆர்லோ ஸ்டென்பெர்க் ஒரு கஞ்சன்.

இது சின்ன வரி, தெளிவான வரி, தப்பான வரி. ஆனாலும் அடிக்காமல் விட்டுவைக்கிறேன். வெர்னாவே இங்கிருந்துதான் தொடங்கினாள்.

ஆர்லோ அவள் கணவன். ஊரின் தானியக் கிடங்கில் முப்பத்தெட்டு வருடம் வேலை. விவசாயி லாரியில் கோதுமையைக் கொண்டுவந்து நிறுத்தினால், ஆர்லோ ஒரு பிடி அள்ளுவான், முகர்வான், நாலு மணியைக் கடித்துப் பார்ப்பான். இன்ன தரம், இன்ன விலை என்பான். அதற்கு மேல் யாரும் பேசியதில்லை. வேலை ஓய்ந்தது, பழக்கம் ஓயவில்லை. இப்போது ஆர்.வி. நிறுத்தும் முகாம்களை அள்ளி முகர்ந்து கடித்துக்கொண்டிருந்தான்.

"நாப்பத்தெட்டு டாலரா? ஒரு ராத்திரிக்கா?"

"கரன்ட், தண்ணி, கழிவுக் குழாய், வெந்நீர், நீச்சல் குளம் எல்லாம் சேத்துதான், ஆர்லோ."

"எனக்கு நீந்தத் தெரியாது. குளத்துக்கு எட்டு டாலர் கழிச்சுக்கச் சொல்லு."

"மினி கோல்ஃப் இருக்காம்."

"அதுக்கும் கழிக்கச் சொல்லு."

வெர்னாவுக்கும் ஓர் அளவுகோல் இருந்தது. முகாமுக்குள் நுழைந்ததும் பெண்கள் குளியலறைக்குப் போய்த் துணி மாட்டும் கொக்கிகளை எண்ணுவாள். கதவில் ஒரு கொக்கி என்றால் முதலாளிக்குக் காசுதான் குறி. துணிக்கு ஒன்று, துண்டுக்கு ஒன்று என்று இரண்டு கொக்கி இருந்தால் முதலாளியின் பெண்டாட்டி அங்கே ஒரு நாளாவது குளித்துப் பார்த்திருக்கிறாள். இணையத்தில் கொட்டிக் கிடக்கும் நட்சத்திரங்களைவிட இது நம்பகமானது என்பது என் அபிப்பிராயமும்கூட.

3

ஆர்லோவின் மனதுக்குப் பிடித்தது அரசாங்கப் புறம்போக்கு. பதினாலு நாள் வரை யார் வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். வாடகை கிடையாது. தண்ணீர், மின்சாரம், குப்பைத்தொட்டி எதுவும் கிடையாது.

இலவசத்தைப் பற்றி இந்த இடத்தில் ஒரு கட்டுரை எழுத ஆசைதான். நாலு நாளுக்கு ஒருமுறை பதினாலு மைல் போய்க் கழிவைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் பிடிக்க வேண்டும், அதற்குக் காசு. ஜெனரேட்டருக்கு எரிபொருள்; அதற்கும் காசு. ரொட்டியில் மணல், அதை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. வெர்னா ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு, "உன் இலவசம் ஒரு நாளைக்குப் பதினோரு டாலர்" என்றாள்.

"பதினொண்ணுதானே" என்றான் ஆர்லோ.

கட்டுரையை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். கதைக்குள் ஒரு மூச்சுக் கருவி காத்துக்கொண்டிருக்கிறது.

4

ஆர்லோவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு. முகமூடி போட்டுக்கொண்டு, குழாய் வழியாகக் காற்றைத் தள்ளும் கருவியோடுதான் அவன் தூங்க வேண்டும். "இதைப் போடாம ஒரு ராத்திரிகூடப் படுக்காதீங்க" என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். இரண்டாவது தடவை வெர்னாவைப் பார்த்துச் சொன்னார்.

புறம்போக்கில் ஒன்பதாம் நாள் காலை. ஆர்லோ காபியைக் கையில் பிடித்துக்கொண்டு வழக்கம்போல் மலையடிவாரத்துக்கு நடக்கப் போயிருந்தான். வெர்னா கருவியின் தண்ணீர்ப் பெட்டியை நிரப்பப் போனாள். அது நிறைந்தே இருந்தது. நாலு நாள் முன்னால் ஊற்றியது அப்படியே இருந்தது; கருவி ஓடியிருந்தால் குறைந்திருக்கும். கருவியின் பொத்தானை அழுத்தினாள். எந்த இரவு எத்தனை மணி நேரம் ஓடியது என்று சின்னத் திரையில் வரிசையாக வந்தது.

0.2. 0.2. 0.2. 0.2.

கால்குலேட்டர் தேவைப்படவில்லை. பன்னிரண்டு நிமிடம். காது கேட்க மாட்டும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு அவள் தூங்கிப்போக ஆகும் நேரம். அதுவரை முகமூடி போட்டு நடித்துவிட்டு, அப்புறம் கழற்றியிருக்கிறான்.

"கோவம் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"மொதல்ல சிரிப்பு வந்துச்சு. என் தூக்கத்தைக்கூட எடைபோட்டு வெச்சிருக்கான் பாரு. அப்புறம்தான் கோவம் வந்துச்சு. தண்ணிப் பெட்டியைக் கீழ வெச்சுட்டேன்."

5

இங்கே ஒரு சந்தேகம் எனக்கு. ஏன் கழற்றினான்?

முதல் வரைவில், மிச்சம் பிடித்த பணத்தில் மனைவிக்கு ஐம்பதாவது கல்யாண நாளுக்கு ஒரு மோதிரம் வாங்குவதாக எழுதினேன். படித்துப் பார்த்தேன். பாயசத்தில் சர்க்கரைப் பாகை ஊற்றியதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன். இரண்டாம் வரைவில் அவன் வெறும் கஞ்சன். அது அந்த மனிதனுக்குச் செய்யும் அநியாயம். கோதுமை கொண்டுவந்த விவசாயி ஒருவனையும் அவன் எடையில் ஏமாற்றியதில்லை. மூன்றாவது —

மூன்றாவதை அவனே சொல்லட்டும். அவன் இப்போது நடக்கப் போயிருக்கிறான்.

6

வெர்னா இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். உறைபனி பிடித்த சாலையில், பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்த, ஒரு கண்ணாடியைக்கூட உரசாமல் ஓட்டியவள். ஆனால் ஆறு மாதம் முன்பு ஆர்.வி. வாங்கிய நாள் முதல் ஸ்டியரிங் ஆர்லோவிடம்தான். கேட்டால், "இது வேற மாதிரி வண்டி" என்பான். சாவி அன்றைக்கு அவன் கழற்றிப் போட்ட ஜாக்கெட்டில் இருந்தது.

அவள் அவசரப்படவில்லை. மடக்கு நாற்காலியை எடுத்து வெளியே விரித்தாள். பக்கத்தில் ஐஸ் பெட்டி. அதற்குள் தண்ணீர், பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச் இரண்டு. மேலே அவன் தொப்பி. ஒரு காகிதத்தில் எழுதிக் கல்லை வைத்தாள்:

ஆர்லோ, 0.2. மூன்று மணிக்கு வருகிறேன். தொப்பியைப் போட்டுக்கொள். — வெ.

படியை மடித்தாள். வண்டி ஆடாமல் நிறுத்தும் தாங்குகால்களை உள்ளே இழுத்தாள். மூன்று கண்ணாடிகளையும் தன் உயரத்துக்குத் திருப்பினாள். பிறகு வீட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

[இங்கே 'அவள் வாழ்வில் முதன்முறையாக விடுதலையை' என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். "விடுதலையாவது ஒண்ணாவது. கரடுமுரடு ரோட்ல தட்டெல்லாம் உடையுதேன்னுதான் இருந்துச்சு" என்று வெர்னா சொன்னது ஞாபகம் வந்தது. ஆறு தட்டில் இரண்டு உடைந்தது.]

7

'மெஸ்கீட் நிழல்' முகாமின் வாசலில் ஒஃபீலியா நின்றிருந்தாள். முகாம் அவளுடையது. மெஸ்கீட் என்றால் சீமைக்கருவேலத்தின் உறவுக்கார மரம்.

"தனியாவா வந்தீங்க?"

"வீட்டுக்காரரை வெளியில விட்டுட்டு வந்தேன்."

"ரொம்ப நல்ல காரியம். எத்தனை நாளைக்கு?"

"மூணு மணி வரைக்கும்."

ஒஃபீலியா விழுந்து விழுந்து சிரித்தாள். ரோட்டோர இடம் முப்பத்தொன்பது, பின்பக்கம் மரத்தடி நாற்பத்தெட்டு என்றாள்.

"ஒம்போது டாலர் எதுக்குக் கூட?"

"மரத்துக்கு. முப்பது வருஷமா தண்ணி ஊத்துறேன், அதுவும் கொஞ்சம் சம்பாதிக்கட்டுமே."

குளியலறையில் இரண்டு கொக்கிகள். மரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஒயரைச் செருகி, மூச்சுக் கருவியைப் போட்டுப் பார்த்தாள். அது பாட்டுக்கு ஓடியது. பேட்டரி முள்ளைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வெளியே வந்தால் மூன்று பேர் நாற்காலியோடு வந்துவிட்டார்கள். யாரோ எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். வெர்னா பேசினாள். ஊரைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, உடைந்த தட்டைப் பற்றி. ஒன்பது நாள் அடைத்து வைத்திருந்த பேச்சு.

முதல் இருபது நிமிடம் சொர்க்கம். அடுத்த இருபது நிமிடத்தில் ஒருவரின் முழங்கால், இன்னொருவரின் பித்தப்பை, மூன்றாமவரின் இதய வால்வு எந்தக் கம்பெனி என்பது வரை அவளுக்குத் தெரிந்துவிட்டது. "உங்களுக்கு என்ன வியாதி?" என்று அவளையும் கேட்டார்கள். பேர் கேட்ட கையோடு கேட்டார்கள்.

இடத்தை ஐந்து மணி வரை யாருக்கும் கொடுக்காமல் வைப்பதாக ஒஃபீலியா சொன்னாள். வெர்னா கிளம்பினாள்.

8

இப்போது மூன்று முடிவுகள் எனக்கு வந்தன. நாற்காலி காலியாக இருந்தது என்பது ஒன்று. அது மலிவான பயமுறுத்தல். நாற்காலியில் அவன் மூச்சில்லாமல் இருந்தான் என்பது இன்னொன்று. எழுத ஆரம்பித்து, ஒரு வரியிலேயே என் மேல் எனக்கே கோபம் வந்து நிறுத்திவிட்டேன். நடந்ததையே எழுதுகிறேன்.

ஆர்லோ தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு சாண்ட்விச்சைச் சாப்பிட்டு, இன்னொன்றை அவளுக்கு வைத்திருந்தான்.

"அஞ்சு நிமிஷம் லேட்டு" என்றான்.

"ரெண்டு தட்டு உடைஞ்சுபோச்சு."

"நாலு பேர் வண்டியை நிறுத்தி என்னாச்சுன்னு கேட்டாங்க. 'என் வீடு வெளிய போயிருக்கு, மூணு மணிக்கு வரும்'னேன். ஒருத்தன் பாவப்பட்டு ஒரு பாட்டில் தண்ணி வேற கொடுத்துட்டுப் போனான்."

வெர்னா சிரிக்கவில்லை. "பன்னெண்டு நிமிஷம், ஆர்லோ."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "சில நாள் எட்டு நிமிஷத்துலயே தூங்கிடுவ. உனக்குக் குறட்டை வர வரைக்கும் இருந்து உறுதி பண்ணிக்குவேன்."

"மூச்சு நின்னுபோய்ச் செத்திருந்தா? காலையில நான் காபி போட்டுக்கிட்டு உன்னை எழுப்பிட்டே இருந்திருப்பேனே, கிழவா."

"ஜெனரேட்டரை அணைச்சப்புறம் மெஷினை முழுக்க ஓட்டினா பேட்டரி விடியற வரைக்கும் தாங்கல. சொன்னா, கரன்ட் இருக்கற எடத்துக்குப் போலாம்ப."

"சொல்லிருப்பேன்தான்."

"அங்க எல்லாரும் ஆபரேஷன் கதைதான் பேசறாங்க, வெர்னா. போன மாசம் அந்த ஏரிக்கரை முகாம்ல, காலையில காபி குடிக்கறப்போ யாரு ஆஸ்பத்திரிக்குப் போனாங்கன்னு கணக்கெடுத்தாங்க. நான் காபியைப் பாதியில வெச்சுட்டு எழுந்துட்டேன். இங்க உள்ள கல்லுக்கு மூட்டு வலி கெடையாது. இங்க நான் நோயாளி இல்ல." அவன் நிறுத்தினான். "காசு இல்ல விஷயம். காசுன்னு சொன்னா நீ விட்டுடுவன்னு சொன்னேன்."

வெர்னா இதய வால்வை நினைத்துக்கொண்டாள். பொய் என்று சொல்ல அவளால் முடியவில்லை.

"எனக்குக் கல்லோட பேச வரல, ஆர்லோ. ஒம்போது நாளா நான் பேசின ஒரே ஆள் நீதான். எது சொன்னாலும் 'ம்'ங்கற. அதுக்கு மேல ஒரு வார்த்தை உண்டா?"

"ம்" என்றான் ஆர்லோ.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து, அவள் ஐஸ் பெட்டிமேல் உட்கார வேண்டியதாகிவிட்டது. சிரிப்பு அழுகையாக மாறியபோது அவன் சாண்ட்விச்சைப் பிரித்து அவள் கையில் கொடுத்தான்.

அந்த இடத்திலேயே இரண்டு விஷயம் முடிவானது. எங்கே தங்கினாலும் கருவி ராத்திரி முழுக்க ஓடும்; காலையில் திரையை வெர்னா பார்ப்பாள். இனிமேல் வண்டியைப் பாதி தூரம் அவள் ஓட்டுவாள். எங்கே தங்குவது என்பது மட்டும் முடிவாகவில்லை.

9

நாற்காலியை மடித்து உள்ளே வைத்துவிட்டு ஆர்லோ வழக்கம்போல் ஸ்டியரிங் இருக்கும் இடப்பக்கக் கதவுக்குப் போனான். அங்கே வெர்னா உட்கார்ந்திருந்தாள். சுற்றிக்கொண்டு வந்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வண்டியின் அடுத்த இருக்கையில் ஏறினான். கொஞ்ச தூரம் போனதும் கண்ணைச் சுருக்கினான்.

"இந்தப் பக்கம் இவ்வளவு வெயில் அடிக்குமா?"

"ஆறு மாசமா அடிக்குது."

அவன் வெயில் மறைப்பை இறக்கினான். அது கழுத்தை மறைக்கவில்லை.  'ம்' கூடச் சொல்லவில்லை.

மண் சாலை தார்ச் சாலையில் முட்டும் இடத்தில் வெர்னா வண்டியை நிறுத்தினாள். வலப்பக்கம் ஒஃபீலியாவின் மரம், மணி நாலரை. இடப்பக்கம் இன்னொரு புறம்போக்கு. அந்த வழியில் உள்ள ஊரில் பெரிய பேட்டரி விற்கும் கடை. அதன் விலைக்கு மரத்தடியில் ஒரு மாதம் தங்கலாம்.

"நீ சொல்லு" என்றாள் வெர்னா.

"ஓட்டறது நீதானே, நீ சொல்லு" என்றான் ஆர்லோ.

எந்தப் பக்கம் போனார்கள் என்று அவள் என்னிடம் சொன்னாள். நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இது கதையாக இருக்காது, தங்குமிடப் பரிந்துரையாகிவிடும். துவைக்கும் கடைக்கு மரத்தடிக்காரர்களும் வருவார்கள், புறம்போக்குக்காரர்களும் வருவார்கள். அதை வைத்தும் நீங்கள் கண்டுபிடிக்க முடியாது.

பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். ஸ்டியரிங்கை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். முப்பத்தோரு அடி வண்டி அது. எந்தப் பக்கம் திருப்பினாலும் கொஞ்சம் அகலமாக எடுங்கள். உள்ளே இன்னும் நாலு தட்டு இருக்கிறது.