பின்சீட்டில் பதினொரு லிட்டர்

மோட்டார் சைக்கிளில் இருபத்து நாலு மணி நேரத்தில் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் ஓட்டி முடித்தால் ரைடர்ஸ் கிளப்பில் ஒரு சான்றிதழ் தருவார்கள். அவ்வளவுதான். ரொனால்ட் இரண்டு தடவை முயன்று தோற்றிருந்தார். போன தடவை நாற்பது நிமிடம் பிந்தியதில் தவறிப் போயிற்று. பெட்ரோல் பங்குகளில் நின்ற நேரத்தை மட்டும் கூட்டினால் ஒன்றேகால் மணி வந்தது. பள்ளியில் கணக்கு வாத்தியார் வேறு. அந்தக் கூட்டல் அவரை விடவில்லை.

மண்டி மொஹல்லாவில் பட்டறை வைத்திருந்த ஹனூர்க்காரர் மகேந்திரன், அவர் கேட்டபடி பதினொரு லிட்டர் பிடிக்கிற கூடுதல் அலுமினிய டேங்க் ஒன்றைச் செய்து வைத்திருந்தார்.

"கேரியர்ல வெச்சா வெயிட்டெல்லாம் பின்னால போயிருமுங்க சார். வண்டி ஆடும். பின்சீட்டைக் கழட்டிட்டு அங்க வெச்சுரலாமுங்களா?"

"வெச்சிருங்க."

வெள்ளோட்டத்துக்குச் சனிக்கிழமை அன்றைக்கே சாமராஜநகர் ரோட்டில் போனார். நஞ்சன்கூடு தாண்டிப் பழைய டேங்க் காலியானதும் புதியதன் குழாயைத் திறந்தார். இரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வண்டி நின்றது. வெயிலில் உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்தபின் மகேந்திரனுக்குப் போன் செய்தார்.

"மூடியைத் திறந்து பாருங்க சார்."

திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போனது.

"மூடில ஓட்டை போட மறந்துட்டனுங்க. காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ எறங்கும். லூசா மூடிட்டு மெதுவா வாங்க, போட்டுத் தர்றேன்."

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு அவர் மனைவி சில்வியா கைப்பையோடு வாசலுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினாறு வருடமாக அவர்தான் கொண்டுபோய் விடுவார். வண்டியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

"நான் எங்க உக்கார்றது?"

சனிக்கிழமை முழுக்க அந்த வண்டியோடு இருந்தும் இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஒரு மாசம்தான்" என்றார்.

"சரி" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் அவர் பள்ளியிலிருந்து வந்தபோது, வாளி வெந்நீரில் கால்களை வைத்தபடி நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. அவர் செருப்பைக் கழற்றிய சத்தத்தில் விழித்தாள்.

"நாளைக்கே கழட்டிடறேன் சில்வி."

"இப்பக் கழட்டினா அடுத்த மாசம் மறுபடி மாட்டுவீங்க. போயிட்டு வந்துடுங்க. அப்புறம் பார்ப்போம்."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினார். டேங்க் சொன்னபடி கேட்டது. ஹுப்ளி, பெல்காம் என்று பங்க் ஒவ்வொன்றாகப் பின்னால் போயிற்று, எதிலும் நிற்கவில்லை. நிற்காததால் டீ இல்லை, முகம் கழுவல் இல்லை, இறங்கி இடுப்பை நிமிர்த்தவும் இல்லை. கோலாப்பூர் தாண்டும்போது மத்தியானம் மணி இரண்டு. ஹாரன் ஒன்று காதுக்குள் அலறியபோதுதான் லாரிக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம் என்று தெரிந்தது. எத்தனை நொடி கண்ணை மூடியிருந்தார் என்று தெரியவில்லை. ஒரு தாபா முன் ஓரங்கட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

சில்வியாவுக்குப் போன் செய்தார்.

"பெட்ரோல் தீர்ந்திருச்சா?"

"இல்ல. இன்னும் இருநூறு கிலோமீட்டர் போகும். எனக்குத்தான் முடியல."

அவளுக்குப் பின்னால் வார்டின் சத்தம் கேட்டது.

"அங்க கட்டில் இருக்கா?"

"இருக்கு."

"படுங்க. எழுந்ததும் திரும்பி வாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

கயிற்றுக் கட்டிலில் மூன்று மணி நேரம் தூங்கினார். ராத்திரி பெல்காமில் அறை எடுத்துத் தங்கி, ஞாயிறு சாயங்காலம் வீடு வந்தார். கிளப்பிலிருந்து வந்த போனை எடுக்கவில்லை.

மறுநாள் மகேந்திரன் நான்கு போல்ட்டைக் கழற்றி டேங்க்கைக் கீழே இறக்கினார்.

"முடிச்சிட்டீங்களா சார்?"

"இல்ல."

மகேந்திரன் பின்சீட்டைத் துடைத்து மாட்டிக் கொடுத்தார்.

செவ்வாய் காலை ஆறேகாலுக்கு ரொனால்ட் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்து வைத்துக் காத்திருந்தார். சில்வியா வெளியே வந்து சீட்டைப் பார்த்தாள்.

"பஸ்ல ஜன்னலோரம் கிடைக்குது. இருபது நிமிஷம் தூங்கறேன். உங்க பின்னால உக்காந்து தூங்க முடியாது" என்றாள். "சாயங்காலம்தான் பஸ்ல நின்னுட்டே வரணும், அப்ப வாங்க. நாலரைக்கு."

அவர் தலையாட்டினார். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு எஞ்சினை அணைத்தார்.